பாதியில் நின்ற பொந்து

“எந்த அரைகுறைப் பய செஞ்ச வேலை இது?” வந்து உட்கார்ந்ததுமே மரங்கொத்தி எகிறினார். வாகை மரத்தில் பாதி குடைந்த பொந்து ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. “இதுக்குப் பேரு பொந்தா? கிண்ணம்!”

முன்னால் செய்தவனை முதலில் திட்டிவிட்டால்தான் விலை ஏறும் என்பது அவர் அடிபட்டுக் கற்ற தொழில் பாடம்.

மைனாவுக்கு இன்னும் நாலு நாளில் முட்டையிட்டாக வேண்டும். “எவ்வளவு கேப்பீங்க, அண்ணே?”

“புதுசாக் குடைஞ்சா பத்து அத்திப்பழம். இவன் கெடுத்து வச்சதைச் சரி பண்ண இருபது.”

“அவரு ஆறுக்கே ஒத்துக்கிட்டாரே?”

“மரத்தைத் தட்டிப் பாத்தானா?”

“இல்லண்ணே. பறந்துகிட்டே சொன்னாரு. ஆறையும் முன்கூட்டியே வாங்கித் தின்னுட்டாரு.”

“தட்டிப் பாக்காம விலை சொல்றவனெல்லாம் ஒரு தொழில்காரனா? இப்பப் பாரு!” என்று மரங்கொத்தி அலகால் ஓங்கித் தட்டினார்.

டங்!

உள்ளே இரும்பு மாதிரி ஒரு கணு. அந்தச் சத்தத்தை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். ஊர்ப்பட்ட மரங்களில் வேலை பார்க்கிறவருக்கு மெல்லத்தான் ஞாபகம் வந்தது. போன மாதம் இதே கணுவில் அலகு வலித்து, “தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்” என்று பறந்தவர் அவரேதான். சிலிர்த்து நின்ற கொண்டை தானாகப் படுத்துக்கொண்டது.

மைனா கிளையில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

“விலையை அப்புறம் பேசலாம்ண்ணே. தண்ணி குடிக்கப் போனவரை முதல்ல கூட்டிக்கிட்டு வாங்க. தின்ன ஆறு பழத்துக்கு அவரே முடிச்சுக் குடுக்கட்டும், நாலு நாளுக்குள்ள!”