பச்சை விமானம், சிவப்பு நட்சத்திரம்

"அந்த டப்பாக்களை நகத்தாதீங்கண்ணே!"

ஜெகதாம்பாள் போட்ட சத்தத்தில் டிரில் மாஸ்டர் ராசாங்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வந்த மனுஷனுக்கு உட்கார இடம் வேண்டாமா? கூடத்துப் பாயில் பாதியைப் பெயிண்ட் டப்பாக்களே வரிசை கட்டி அடைத்திருந்தன.

நடுவே ஒரு அடி நீளத்துக்கு மரத்தில் செதுக்கிய விமானம்.

நாப்பத்து மூணாம் வருஷம். அரியலூரில் யுத்த நிதிக்காகப் பொருட்காட்சி போடுகிறார்கள். அதில் வைக்கப்போகிற ரஷ்யா விமானத்துக்கு வர்ணம் பூசும் பொறுப்பு, ஜெகதாம்பாளின் புருஷன் டிராயிங் மாஸ்டர் செல்லப்பனுக்கு வந்திருந்தது. நன்றாக அமைந்தால் அவருடைய தற்காலிக உத்தியோகத்தை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாக ஹெட்மாஸ்டரே சொல்லியிருந்தார்.

கூடவே வந்த புஸ்தகத்தில் இரண்டு விதம் எழுதியிருந்தது. மேலே பச்சை, வயிற்றில் இளநீலம். இல்லையென்றால் பனிக்காலத்துக்கு முழு வெள்ளை. எதுவானாலும் இறக்கையில் சிவப்பு நட்சத்திரம்.

"பச்சைதான் எடுப்பா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் செல்லப்பன், ஆசையாக.

"வெள்ளையே போதும்" என்றாள் ஜெகதாம்பாள். தீர்ந்தது விஷயம்.

ராசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தங்கச்சி, அரியலூர்ல எங்க பனி பெய்யுது? இந்த வெயில்ல சுண்ணாம்படிச்ச விமானத்தைப் பார்த்தா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்ணே."

அதோடு விட்டாளா? புருஷன் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால், "அது இல்லைங்க, சுவத்தோரம் இருக்கே, அந்த டப்பா" என்று காட்டுவதும் அவள்தான். அவரும் சரி சரி என்று தலையாட்டுகிறார்!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ராசாங்கத்துக்கு இதே பேச்சுதான். "டிராயிங் மாஸ்டர் அவரில்லை சார், அவரு சம்சாரம்! வந்தவனுக்கு ஒரு வாய் மோர் கிடையாது, அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் காது வரைக்கும் போனது.

அந்த வாரக் கடைசியில் ரெட்டிபாளையத்தில் தங்கைக்கு இடுப்பு வலி என்று ஆள் வர, ஜெகதாம்பாள் விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் பெயிண்ட்டைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விஷயம் தெரிந்து ராசாங்கம் ஓடிவந்தார். "வாத்தியாரே, இன்னிக்கு உங்களுக்குச் சுயராஜ்யம்!"

டப்பாக்களைக் காலாலேயே தள்ளிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "உங்க இஷ்டப்படி பச்சையே அடிங்க. யார் கேக்கறது?"

செல்லப்பன் முகம் மலர்ந்தது. "அடிச்சுடலாம்ங்கறீங்களா?"

"தாராளமா அடிங்க!"

சொல்லிவிட்டு ராசாங்கம் வந்த வழியே போய்விட்டார்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் ராசாங்கத்தையும் கூட்டிக்கொண்டு வேலையைப் பார்வையிடக் கிளம்பினார். அவர் வழியில் யாரோடோ பேசிக்கொண்டு நிற்க, ராசாங்கம் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வயிறு மட்டும் இளநீலம்; மற்றபடி விமானம் முழுக்கச் செங்கல் சிவப்பு. இறக்கையில் பச்சை நட்சத்திரம்.

"எப்படி?" செல்லப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பச்சை அம்சமா பிடிச்சிருக்கு இல்ல?"

கேலி பண்ணுகிறாரோ என்று ராசாங்கம் சிரிக்க வாயெடுத்தார். அந்த முகத்தில் கேலி இல்லை.

"அப்ப இந்த நட்சத்திரம்?"

"சிவப்பு. ஏன், சரியா விழலையா? எனக்கு ரெண்டும் கொஞ்சம் ஒண்ணாட்டம்தான்..." செல்லப்பன் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ராசாங்கம் டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தார். சுவத்தோர டப்பா, யாரும் கலைக்கக் கூடாத வரிசை, வம்பே இல்லாத வெள்ளை. எல்லாம் இதற்குத்தானா? வரிசையைக் கலைத்தது அவர் கால்தான். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத டிராயிங் மாஸ்டரை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்?

"என்னய்யா இது கண்றாவி?" ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். "யார் சொன்னது இந்தக் கலரை?"

செல்லப்பன் பேந்தப் பேந்த விழித்தார்.

"நான்தான் சார்."

ஜெகதாம்பாள். வண்டியை விட்டு இறங்கின கையோடு, இடுப்பில் மூட்டையோடு வாசற்படியில் நின்றாள். "காலையில கிளம்பற அவசரத்துல மாத்திச் சொல்லிட்டேன். நாளைக்கே மேல வெள்ளை அடிச்சுடறோம்."

"நீ சொன்னா? இவரு கண்ணு எங்கம்மா போச்சு?"

ஜெகதாம்பாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க வேற சார்!" என்று முன்னால் வந்தார் ராசாங்கம். "இந்தம்மா சிவப்புன்னா சிவப்பு, பச்சைன்னா பச்சை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாரா இவரு? பள்ளிக்கூடத்துக்கே தெரிஞ்ச கதையாச்சே!"

ஹெட்மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமாமா, நானும் கேள்விப்பட்டேன். சரி சரி, வெள்ளையே அடிங்க. இனிமேலாவது மனுஷனைக் கொஞ்சம் சுயமா விடும்மா!"

"சரிங்க சார்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் போனதும் ராசாங்கம் கீழே உட்கார்ந்து, உருண்டு கிடந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நிமிராமலே கேட்டார்:

"தங்கச்சி, சுவத்தோரம் எது இருக்கணும்?"

"சிவப்புண்ணே" என்ற ஜெகதாம்பாள் உள்ளே போய், ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தாள்.