தயிர்சாதம் தின்னாத நாய்

காப்பகத்திலிருந்து வந்த காளு முதல் வாரத்திலேயே பால்காரரைக் கடித்தது. ரங்கம்மாவின் இரண்டு புடவைகளைக் கிழித்தது. தயிர்சாதத்தை மட்டும் வாயில் வைக்கவில்லை.

"முட்டை குடுங்க ஆன்ட்டி," என்றாள் காப்பகத்துப் பெண் அனகா. "ரெண்டு வாரத்துல எடை ஏறலைன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"ஆத்துல முட்டையா?" என்றார் ரங்கம்மாவின் கணவர் நரசிம்மமூர்த்தி. "தினம் சாயங்காலம் நான் நடத்திக் கூட்டிண்டு போறேன். நடந்தா தானா பசிக்கும்."

இரண்டு வாரத்தில் காளு இரண்டு கிலோ ஏறியிருந்தது. யாரையும் கடிக்கவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று அனகா எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் நரசிம்மமூர்த்திக்குக் கால் சுளுக்கிக்கொண்டது.

"ஒரு நாள் போகலைன்னா ஒண்ணும் ஆயிடாது," என்று நான்கு தடவை சொன்னார். ரங்கம்மா சங்கிலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காளு அவளை இழுத்துக்கொண்டு நேராகக் குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் போய், ஒரு தள்ளுவண்டி முன்னால் உட்கார்ந்தது. வண்டிக்காரர் எதுவும் கேட்காமல் அவித்த முட்டை இரண்டை உரித்துப் போட்டார்.

ஒரு வாயில்லா ஜீவனுக்காக மனுஷர் ஆசாரத்தையே விட்டிருக்கிறாரே என்று ரங்கம்மாவுக்குக் கண் கலங்கியது.

"ஸ்வாமி வரலியாம்மா?" என்றார் வண்டிக்காரர். "அவரோட ஆம்லெட்டைப் பார்சல் கட்டவா? எப்பவும் போல வெங்காயம் போடாமதான்."