ஏழு மணிச் சாப்பாடு

சாப்பிடும் நேரத்தை எழுதி வரச் சொல்லியிருந்த நோட்டைப் படித்துவிட்டு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராத்திரி ஏழு மணிக்கு ஒரு சாப்பாடு, ஏழே முக்காலுக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு, ஒன்பதரைக்கு ஒண்ணு. இது வயிறா, கிணறா?"

எதிரே உட்கார்ந்திருந்த தையற்காரர் தலை குனிந்துகொண்டார்.

"நாள் முழுக்கக் குனிஞ்சு தைக்கிற ஆளு நீங்க. சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் படுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்புறம் நெஞ்சு எரியாம என்ன செய்யும்? வீட்டுல சாப்பாடு போடுறது யாரு?"

"அம்மா. வெளியில உட்கார்ந்திருக்காங்க."

"வரச் சொல்லுங்க."

அம்மா வந்து உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள்.

"சரிங்க டாக்டர். இனிமே ஏழு மணிக்கு ஒரே சாப்பாடுதான். அதுக்கு மேல இவன் கெஞ்சினாலும் கிடையாது."

"பாருங்க, அம்மா எவ்வளவு கறாரா இருக்காங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

எழுதி முடிப்பதற்குள், அம்மா பையிலிருந்து பாதி காலியாகியிருந்த சோற்று டப்பாவை எடுத்து ஒரு வாய் பிசைந்தாள்.

"காலையிலேருந்து பட்டினி கிடக்கியே, கண்ணா. வாயைத் திற."

தையற்காரர் வாயைத் திறந்தார்.

டாக்டரின் பேனா நின்றது. "வேண்டாம்னு சொல்லக் கூடாதா?" என்றார் மெல்ல.

"சொன்னா அழுறாங்க டாக்டர். என் பேரு மறந்துபோச்சு. அப்பா செத்தது மறந்துபோச்சு. இப்ப நீங்க சொன்னதும் மறந்துபோச்சு. எனக்குப் பசிக்கும்ங்கிறது மட்டும்தான் இன்னும் மறக்கலை."