எண்பதில் நிறுத்துகிறவள்

“அத்தை, உங்க போன் மாசமா இருக்கா?”

நோலீனின் மகள், நாலு வயது எலிசா, ஒருமுறை லெய்பகோவாவிடம் கேட்ட கேள்வி இது. லெய்பகோவாவின் போன் முதுகு புடைத்து, மூடி மூடாமல், ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டு மேசையோரம் கிடந்தது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் தேவாலய முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின.

லெய்பகோவாவும் சிரித்தாள். “ஆமாடி கண்ணு. அதைத் தொடக்கூடாது” என்று எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தொங்கோவா தீவின் அந்தக் கிராமத்தில் சூரியத் தகடு தேவாலயக் கூரையில் மட்டும்தான் இருந்தது. அதன் கீழே ஒரு சின்ன அறை. ஊர்ப் போன்களுக்கெல்லாம் அங்கே சார்ஜ் ஏற்றிக் கொடுப்பது லெய்பகோவாவின் ஊழியம். எண்பது சதவீதம் வந்ததும் கழற்றிவிடுவாள்.

“நூறு வரைக்கும் ஏத்தாதீங்க. இருபதுக்குக் கீழ இறக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. பேட்டரியும் பிள்ளை மாதிரிதான், வயிறு முட்டவும் கூடாது, காயவும் கூடாது” என்று வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அனுப்புவாள்.

அந்த அறைதான் அவளுக்கு மிஞ்சியிருந்தது. கடல் கடந்து குயின்ஸ்லாந்துக்குத் தக்காளி பறிக்கப் போன அவள் புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். அவனிடமிருந்து அழைப்பு வந்து இரண்டு வருடமாகிறது. போன் கொடுக்கவும் வாங்கவும் வருகிற பெண்களின் பேச்சுதான் அவளுக்குத் துணை.

அதையும் பறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஆராதனை முடிந்து, இலையில் சுட்ட லப்லப் என்ற கிழங்கு அப்பத்தைப் பிரித்து, பாய்களில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோலீன் எழுந்து நின்றாள்.

“எண்பது எண்பதுன்னு நிறுத்துறாளே, மிச்ச வெயில் எங்க போகுது? யாராவது கேட்டிருக்கீங்களா?”

நோலீன் தன் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“ஆண்டவர் எல்லாருக்கும் பொதுவாக் கொடுக்கிற வெயில். இவ நமக்குப் பத்தியச் சாப்பாடு போடுறா. என் போனை நான் கொழுந்தனோட ஜெனரேட்டர்ல விடிய விடியப் போட்டு வைக்கிறேன். தலையணைக்கடியில வச்சுத் தூங்குறேன். ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் கூப்பிட்டா, நானும் பிள்ளையும் ரெண்டு மணி நேரம் பேசுறோம். பாருங்க, தட்டையா, பலகை மாதிரி இருக்கு.”

“முன்ன உன்னுதும் புடைச்சுதே நோலீன்?” என்று கேட்டாள் பெண்கள் சங்கத் தலைவி மேவிஸ்.

“புடைச்சுதுக்கா. அது மேல கை வச்சு ஜெபம் பண்ணித்தான் இவகிட்டக் கொடுத்தேன். மறுநாள் வாங்கறப்ப வத்திப்போயிருந்துச்சு.”

இரண்டு மூன்று பேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

“நமக்கு இவ்வளவு சட்டம் பேசுறவ, தன் போனை எப்படி வச்சிருக்கா பாருங்க. பத்தியம் சொல்ற வைத்தியச்சிக்கே வயிறு வீக்கம்.”

சிரிப்பு பாய் பாயாகப் பரவியது. தேங்காய்ப்பால் படிந்த விரல்களால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவர்களில் பாதிப்பேர், முந்தின நாள் அந்த அறையில் உட்கார்ந்து லெய்பகோவாவிடம் தங்கள் வீட்டுக் கவலையைச் சொல்லிப்போனவர்கள்.

மேவிஸ் அவள் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லும்மா. எப்படி ஆச்சு அந்தப் பேட்டரி?”

லெய்பகோவா தன் இலையை மெதுவாக மடித்தாள். “கவனிக்காம விட்டா அப்படித்தான் ஆகும்க்கா.”

“கேட்டீங்களா? அவ வாயாலயே வந்துடுச்சு” என்றாள் நோலீன்.

அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அறையை இனி நோலீன் பார்த்துக்கொள்வாள் என்று முடிவானது. எலிசா மட்டும் எழுந்துபோய் லெய்பகோவாவின் மடியில் உட்காரப் பார்த்தாள். நோலீன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

“உள்ள இருக்கிற போனையெல்லாம் கழட்டி எடுத்து வச்சிட்டுச் சாவியைத் தரேன்” என்று எழுந்தாள் லெய்பகோவா.

“இதையும் கொண்டு போ” என்று நோலீன் தன் போனை நீட்டினாள். “ஜெனரேட்டர்ல எண்ணெய் தீந்துபோச்சு. நூறு வரைக்கும் போட்டு வை. போறப்பவாவது ஒரு தடவை நிறைச்சுக் கொடு.”

லெய்பகோவா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு போனாகக் கழற்றித் துடைத்து மேசைமேல் வைத்தாள். கடைசியாக நோலீனின் போனை எடுத்து, நகத்தால் நெம்பி அதன் பின்மூடியைத் திறந்தாள்.

குயின்ஸ்லாந்துக்குச் சேர்ந்து போன இரண்டு புருஷன்மாரும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி அனுப்பிய ஒரே மாதிரிப் போன்கள். மாறிவிடக்கூடாது என்று அன்றைக்கே இரண்டு பெண்களும் அவரவர் பேட்டரிமேல் அவரவர் பெயரை மையால் எழுதி வைத்திருந்தார்கள்.

நோலீனின் போனுக்குள் புடைப்பில்லாமல், பலகைபோலக் கிடந்த பேட்டரிமேல் இருந்தது லெய்பகோவாவின் பெயர்.

நாளைக்கு நோலீனே இந்த மூடியைத் திறந்தாலும் திறப்பாள். லெய்பகோவா துணி நுனியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு, ஒரு எழுத்தும் மிச்சமில்லாமல் அந்தப் பெயரைத் தேய்த்து அழித்தாள். மூடியை அழுத்திப் பூட்டி, போனைச் சார்ஜில் போட்டாள். வெளியே நோலீனின் குரலும் மற்றவர்களின் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. லெய்பகோவா அந்தப் போனைப் பார்த்துத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்:

“என் புருஷன் சேதி வந்த அன்னைக்கு, கோயில்ல என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தவ நீ ஒருத்திதானே, நோலீன்.”