இளமதியின் நோயாளி

மகள் இளமதிக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை. அவள் கருவிழி மாற்றி ஆபரேஷன் செய்தவனுக்கு இன்றைக்குத்தான் தையல் பிரிக்கிறார்களாம்.

"பயலுக்கு எந்த ஊருத்தா?" என்று கேட்டார், வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த அப்பா அடைக்கலம்.

"அவனுக்கு ஊரு, ஒறவு எல்லாம் நாங்கதாம்ப்பா. சின்ன உசுரு. தலைமுடியவிட மெல்லிசான நூல்ல தச்சிருக்கேன். பார்வை வரணுமேன்னு பயமா இருக்கு."

அவள் கிளம்பிப் போன பிறகும் அடைக்கலத்துக்கு மனசு கேட்கவில்லை. ஹார்லிக்ஸும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, புதுக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கே போய்விட்டார்.

இளமதி சிரித்தபடி ஓடி வந்தாள். "அப்பா, அவனுக்குக் கண்ணு தெரியுது!"

"சாமி காப்பாத்திருச்சு! பய எங்கிட்டு இருக்கான்? ஒருதரம் பாத்துட்டுப் போறேன்."

அவள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். அங்கே கூண்டுக்குள் ஒரு வெள்ளை எலி, மீசையைத் துடைத்துக்கொண்டே அவரை உற்றுப் பார்த்தது.

அடைக்கலம் பழச்சீப்பை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எலிக்காத்தா ஆபரேஷன் பண்ணுன?"

"ஆமாப்பா. இதுல சரியா வந்தாத்தான் நாளைக்கு மனுசங்களுக்கு ஒதவும்."

"நல்ல காரியந்தான்." நெல்வயல் முழுக்க எலிப்பொறி வைத்துவிட்டு பஸ் ஏறியிருந்த அடைக்கலம், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இவன நம்ம ஊருப்பக்கம் மட்டும் விட்டுராதத்தா. பொறிய தூரத்துலேயே பாத்துருவான்!"