மூன்றாவது தொட்டி

“மூணாவது தொட்டியில மறுபடியும் வந்திருக்கு, அக்கா.”

அத்மான் சொன்னதை நம்பாமல் மெஜுமா குனிந்து பார்த்தாள். முழங்கால் உயரச் சிமெண்டுத் தொட்டி. நீல சர்ஜன் மீன்களின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒரு மீன் அரிப்புத் தாங்காமல் குழாயில் உரசிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து, தலையையும் தோளையும் போர்த்தும் லேசோத் துணியை இழுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.

“மருந்து முடிஞ்சு வந்த மீனுடா இது. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு, வானத்துலேர்ந்தா?”

அத்மான் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிலிஃபியில் கழிமுகத்தை ஒட்டியிருந்த அந்தக் கொட்டகையில் மூன்று தொட்டிகள்தான். கடலிலிருந்து பிடித்து வரும் மீன் முதல் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து தாமிர மருந்து கலந்த இரண்டாவது தொட்டிக்கு. புள்ளிப்பூச்சி அடியோடு ஒழிந்த பிறகே மூன்றாவது தொட்டி. அதற்குப் பிறகு, வெளிநாட்டு அலங்காரத் தொட்டிகளுக்கு விமானம்.

லேசில் ஒழிகிற பூச்சி அல்ல அது. மீனை விட்டு உதிர்ந்து, அடித்தரையில் கூடு கட்டி, வெடித்து, நூற்றுக்கணக்கில் நீந்தக் கிளம்பும். முதல் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு மூன்றாவதில் விழுந்தால் போதும், எல்லாம் பாழ். அதனால் மெஜுமா கண்டிப்பாக இருந்தாள். தொட்டிக்கு ஒரு வலை, தொட்டிக்கு ஒரு வாளி, தொட்டி மாறும்போது முழங்கை வரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

அப்படியும் இரண்டு முறை மீன்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் செத்தன. இது யார் தப்பு என்று கண்டுபிடி, இல்லையென்றால் கொட்டகையை மூடிவிடுகிறேன் என்று முதலாளி மொம்பாசாவிலிருந்து போனில் சொல்லியிருந்தார். உள்ளே போய் வருவது இரண்டு பேர். தன்மேல் தப்பில்லை என்று மெஜுமாவுக்குத் தெரியும்.

“வலையை மாத்திப் போட்டியா?”

“இல்லக்கா.”

“கை கழுவினியா?”

“கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சுபோச்சு, பாருங்க.”

“நாக்கு மட்டும் உரியல.”

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான். அவள் தொட்டிமேல் குனிந்தால் போதும், கூரையைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான். நேராக மட்டும் பார்க்கமாட்டான். மடியில் கனமில்லாதவன் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்?

குடும்பமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கரையில் பெருநாளுக்குப் பெண்கள் ஒருவருக்கொருவர் லேசோ கொடுப்பார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததையும் சில சமயம் அந்தப் பரிசு சொல்லிவிடும். அத்மானின் மனைவி சௌமுவோ ஒரு பொட்டலத்தில் பெரிய ஊக்கு ஒன்றை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். துணி வாங்கித் தர மனசு வரவில்லை, கஞ்சப் பிறவிகள். மெஜுமா அதை மேசை இழுப்பறையில் வீசியதோடு சரி.

“கடைசியாக் கேக்கறேன். சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

அவன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சொல்ல வேண்டியத முன்னாடியே சொல்லி அனுப்பிட்டேன், அக்கா. அதுக்கு மேல என் வாயால சொல்ல முடியாது.”

ஆக, முதலாளியிடம் கோள் சொல்லியிருக்கிறான். நாளையிலிருந்து வராதே என்றாள். சௌமுவுக்கு இதுதான் மாதம், பிரசவம் ஆகிற வரைக்குமாவது விட்டு வைக்கக் கூடாதா என்று அவன் கேட்டான். மீனையும் கேட்டுப் பார் என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். மீன்களை மறுபடி தாமிரத் தொட்டிக்கு மாற்றினாள். மூன்றாவது தொட்டியை இறைத்து, தேய்த்து, அடித்தரை வெளுக்கும்வரை வெயிலில் காயவிட்டாள். வேறு யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. காலையில் முதல் தொட்டியைக் குனிந்து பார்ப்பாள், கை கழுவுவாள், பிறகு மூன்றாவதற்குப் போவாள்.

மருந்துக் கெடு முடிந்து திரும்பி வந்த மீன்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. பீடை போய்விட்டது, விமானத்துக்கு ஏற்பாடு பண்ணுங்கள் என்று முதலாளிக்குச் சொன்னாள். அத்மான் ஏதாவது சொல்லி அனுப்பினானா என்றும் விசாரித்தாள். அவர் அப்படி எதுவும் வரவில்லை என்றார்.

மீன்களைப் பையில் போட வேண்டிய நாள் காலை, மூன்றாவது தொட்டியில் பெரிய மீன் குழாயோடு குழாயாக உரசிக்கொண்டிருந்தது. அதன் விலாவில் வெள்ளைப் புள்ளிகள்.

மெஜுமா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். வலை அதே வலை. வாளி அதே வாளி. கை கழுவிய ஈரம் விரலில் இன்னும் இருக்கிறது. கதவைத் திறந்தது அவள், மூடியது அவள். யார் கொண்டுவந்திருக்க முடியும்?

இன்னும் நன்றாகப் பார்க்கக் குனிந்தாள். தோளிலிருந்து லேசோ வழக்கம்போல் சரிந்தது. தண்ணீரைத் தொடும் முன்பே கை தானாக அதைப் பிடித்துவிட்டது.

பிடித்த துணி ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

இந்தத் தொட்டியை இன்னும் தொடாத அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, மீன்களுக்கு மேலே வட்டமாக விரிந்தது. துணி விலகும் பெண்ணிடம் வேற்று ஆண் எதைச் சொல்வான், எங்கே பார்ப்பான்? மெஜுமா மெல்லத் தலையைத் தூக்கி, அத்மான் பார்த்த அதே கூரையைப் பார்த்தாள். அவன் சௌமுவிடம் சொல்லி அனுப்பியது மேசை இழுப்பறையில், இன்னும் ஒரு முறைகூடக் குத்தப்படாமல், பளபளவென்று கிடந்தது.