எல்லோருக்கும் வந்த விடை

நசீமாவின் ரெக்கார்டு நோட்டை மட்டும் லேப் ஆசிரியை ஸ்ரீலதா தனியே எடுத்து வைத்தாள்.

கொல்லத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் டைனமிக்ஸ் லேபில் அன்று செய்முறைத் தேர்வு. ஃப்ளைவீல் என்கிற அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுழலவிட்டு அதன் நிலைமத் திருப்புத்திறனைக் கண்டுபிடிக்க வேண்டும். பருவத்திலேயே அதைச் செய்து எழுதிய ரெக்கார்டுகளில் முப்பத்தொன்பது பேருக்கு விடை 0.24. நசீமாவுக்கு மட்டும் 0.17.

"சோதனையே பண்ணாம ஹாஸ்டல்ல உட்கார்ந்து எழுதியிருக்கா சார். பெயில் போட்டுடலாம்."

தோற்றால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் பெங்களூரு வேலை போய்விடும். தெரிந்தேதான் சொன்னாள்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் குறுப்பு மற்ற நோட்டுகளைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் 0.24 மீது அவர் விரல் நின்று நகர்ந்தது.

"நசீமா மோளே, என் முன்னாடி ஒரு தடவை பண்ணிக் காட்டு."

நசீமா அச்சில் நூலைச் சுற்றி எடையைத் தொங்கவிட்டாள். எடை இறங்கியது. நூல் கழன்று விழுந்தது. சக்கரத்தில் போட்ட சாக்பீஸ் கோட்டைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினாள். எண்ணிக்கை பிசகவில்லை.

0.17.

ஸ்ரீலதாவுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்போ மத்தவங்க எல்லாம் திருட்டு நோட்டா? அத்தனை பேரையும் பெயில் போடுவோம் சார்."

"வேண்டாம். எல்லாரும் பாஸ்."

எதற்கு இந்தத் தாராளம்? நேற்று அவர் தங்கிய விருந்தினர் அறைக்கு யார் யார் போய் வந்தார்கள்? அவள் சந்தேகம் இப்போது அவர் பக்கம் திரும்பியது.

லேப் உதவியாளர் வர்க்கி சிரித்தார். "விடுங்க டீச்சரே. அலமாரி மேல இருக்கிற பழைய நோட்டைப் பார்த்துதானே இங்க எல்லா பேட்ச்சும் எழுதுது. முதல் ரேங்க் வாங்கின ஆளோடதுன்னு ஒரு நம்பிக்கை. நீங்க இங்க படிச்சப்போ உங்க பேட்ச் மட்டும் சும்மாவா விட்டுச்சு?"

அவள் வெடுக்கென்று நாற்காலியில் ஏறி அந்த நோட்டை இழுத்தாள். தூசியைத் தட்டி முதல் பக்கத்தைத் திருப்பினாள். படிக்கிற காலத்தில் அந்தப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை.

மங்கிய நீல மையில், கே. பாஸ்கரக் குறுப்பு, 1986.

தேர்வாளர் நசீமாவுக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்தச் சோதனை அன்னிக்கு ஆலப்புழையில படகுப் போட்டி, டீச்சரே. நான் லேப் பக்கமே வரல."